முதலில் ஓர் ஊரைப் பிடியுங்கள்: ஐரோப்பிய பங்க், நியூ வேவ், நாய்ஸ் இசைக்குள் நுழைய ஒரு வழி

எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை முதன்முதலில் கேட்டபோது என்னைப் பிடித்து நிறுத்தியது பின்னால் சுற்றிச் சுற்றி வந்த கிடார்தான். அது ‘தி கிளாஷ்’ குழு 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டிலிருந்து எடுத்தது என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் பாட வருவதற்கு முன்பு ஓவியக்காரர். ‘எலாஸ்டிகா’ என்ற லண்டன் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை செய்தவர் அவர்தான். அந்த எலாஸ்டிகாவின் மிகப் புகழ்பெற்ற பாட்டான ‘கனெக்‌ஷன்’ எப்படித் தொடங்குகிறதோ, அப்படியே ‘வயர்’ குழுவின் 1977 ஆல்பத்தில் ஒரு பாட்டு தொடங்கும். இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இப்படி இரண்டு நூல்களைப் பிடித்து இழுத்தேன். இரண்டும் ஒரே இடத்துக்கு, எழுபதுகளின் பிற்பகுதி லண்டனுக்கு, பங்க் என்ற வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட எளிய ராக் இசைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டன.

ஆனால் அங்கிருந்து நான் போன வழி தவறு. ‘சிறந்த நூறு பங்க் ஆல்பங்கள்’ போன்ற பட்டியல்களை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். இரண்டே மாதத்தில் அலுத்துவிட்டது. லண்டன், நியூயார்க், திரும்பவும் லண்டன். புதிதாக வருகிற பலரும் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள். இந்த இசையைக் குழு குழுவாகக் கேட்பதைவிட ஊர் ஊராகக் கேட்பதே சரி என்பது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. பெரும்பாலான குழுக்கள் ஒன்றிரண்டு வருடமே நீடித்தன. சில குழுக்கள் ஒரு சிங்கிளோடு, அதாவது ஒன்றிரண்டு பாட்டு கொண்ட ஒரு சிறு தட்டோடு, கலைந்தன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அரைகுறையாகத் தெரியும். ஓர் ஊரில் ஒரு மதுக்கூடம், ஒரு ரெக்கார்டு கடை, அதைச் சுற்றி இருபது முப்பது பேர் என்று பார்த்தால் கதை முழுசாக இருக்கும். இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் சொல்கிறது.

முதல் படி: ஒரே ஒரு மாலை, காதைப் பழக்க

ஊருக்குள் போவதற்கு முன் மூன்று ரெக்கார்டுகள் போதும்.

முதலாவது, மான்செஸ்டர் ‘பஸ்காக்ஸ்’ குழுவின் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’. 1977 ஜனவரியில் வந்தது. நான்கே பாட்டு. தெரிந்தவர்களிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, தாங்களே ஒரு லேபிள் (ரெக்கார்டு வெளியிடும் நிறுவனம்) தொடங்கி, முதலில் 1000 பிரதி அடித்தார்கள். இதில் ‘போர்டம்’ என்ற பாட்டில் கிடார் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டே சுரங்கள். அவற்றையே மறுபடி மறுபடி வாசிக்கிறார். பாட்டின் பெயரே ‘சலிப்பு’. சலிப்பைச் சொல்ல அந்த இரண்டு சுரத்தைவிடப் பொருத்தமான வாசிப்பு கிடையாது. வித்தை காட்டுவதை இவர்கள் ஏன் ஒதுக்கினார்கள் என்பது இந்தச் சில நொடிகளில் புரிந்துவிடும்.

இரண்டாவது, மேலே சொன்ன வயர் குழுவின் ‘பிங்க் ஃப்ளாக்’. 21 பாட்டு, மொத்தம் சுமார் 35 நிமிடம். அவற்றில் ஒன்று அரை நிமிடம்கூட இல்லை. சொல்ல வந்ததைச் சொன்னதும் நிறுத்திவிடுகிறார்கள். இதை நடுவில் நிறுத்தாமல் ஒரே அமர்வில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, சூரிச் நகரப் பெண்களின் ‘க்ளீனெக்ஸ்’. 1978இல் தொடங்கியது. அந்தப் பெயரில் காகிதக் கைக்குட்டை விற்கும் நிறுவனம் ஆட்சேபித்ததால் ‘லிலிபுட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஆகவே தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். கூவல், சீழ்க்கை, அர்த்தமில்லாத அசைகள், இவற்றுக்கு நடுவே துள்ளிக்கொண்டு ஓடும் பேஸ், அதாவது கீழ்ச்சுரக் கிடார். எனக்குத் தெரிந்து இவர்களைக் கேட்டு முகம் சுளித்த புதியவர் ஒருவர்கூட இல்லை.

கேட்கும்போது கிடாரை விட்டுவிட்டு பேஸைப் பின்தொடருங்கள். மெட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிடார் சுரண்டவும் கீறவும்தான் வருகிறது. பங்க், நியூ வேவ், போஸ்ட் பங்க் என்ற பெயர்களுக்கு இடையே கோடு கிழிக்க இப்போது முயல வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரே ஆள் மூன்றிலும் இருந்தார்.

இரண்டாம் படி: ஓர் ஊர். நான் சொல்வது டூசல்டார்ஃப்

பெர்லினைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பெர்லின் பிறகு வரும். ரைன் நதிக்கரையிலுள்ள டூசல்டார்ஃப் விளம்பர நிறுவனங்களும் வங்கிகளும் நிறைந்த பணக்கார ஊர். அதன் பழைய நகரப் பகுதியில் ‘ராட்டிங்கர் ஹோஃப்’ என்ற மதுக்கூடம் இருந்தது. ஹிப்பி காலத்து அலங்காரங்களையெல்லாம் அகற்றிவிட்டு, வெள்ளைச் சுவரும் நியான் குழல் விளக்கும் மட்டும் வைத்து அதை நடத்தியவர் கார்மன் க்னோபல் என்ற பெண்மணி. பக்கத்திலேயே ஓவியக் கல்லூரி. ஓவிய மாணவர்களும் பள்ளிக்கூடப் பையன்களும் அந்தக் கண்கூசும் வெளிச்சத்தில் ஒன்றாக நின்றார்கள். லண்டனிலிருந்து வயர் குழுவும் இங்கே வந்து வாசித்திருக்கிறது. முதல் படியில் வயரைக் கேட்டுவிட்டு இங்கே வருபவருக்கு அந்தத் தொடர்பு காதிலேயே தெரியும்.

இங்கிருந்து மூன்று கிளைகளைப் பிடியுங்கள்.

ஒன்று ‘மிட்டாக்ஸ்பௌஸெ’, ‘மதிய இடைவேளை’ என்று பொருள். அதில் பாடிய பீட்டர் ஹைன் அடுத்து ‘ஃபேல்ஃபார்பன்’ குழுவுக்குப் போனார். அவர்களுடைய 1980 ஆல்பத்தின் பெயர் ‘மோனார்கி உண்ட் ஆல்டாக்’, அதாவது ‘முடியாட்சியும் அன்றாடமும்’. ஜெர்மன் மொழியில் பாடிய ராக் ஆல்பங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது. கிடார் நடன இசைபோல வெட்டி வெட்டி ஓடும்; குரலோ களைத்துப்போய் வீடு திரும்பும் ஒருவர் பேசுவதுபோல இருக்கும். ஆல்பம் வந்த கொஞ்ச நாளில் ஹைன் குழுவை விட்டு விலகிவிட்டார். அவருக்கு ஓர் அலுவலக வேலை இருந்தது, அதை விட அவருக்கு மனமில்லை. அந்தப் பாட்டுகளில் உள்ள அன்றாடம் கற்பனை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது கிளை ‘டாஃப்’. முழுப்பெயர் நீளம்: ‘டாய்ச் அமெரிக்கானிஷ ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட்’, ஜெர்மன் அமெரிக்க நட்பு. ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்று கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ராபர்ட் கோர்ல் ட்ரம்ஸ் வாசித்தார், கபி டெல்காடோ பாடினார். டெல்காடோ ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து சிறு வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். 1981இல் வந்த ‘ஆல்லஸ் இஸ்ட் குட்’ ஆல்பத்தில் சிந்தசைசர் ஒரே சிறு துணுக்கை இயந்திரம்போலத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன் மேல் மனிதக் கை வாசிக்கும் ட்ரம்ஸ். அதன் மேல் மூச்சிரைக்கும் குரல். இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. பின்னால் வந்த எலெக்ட்ரானிக் நடன இசையில் பெரும்பகுதி இந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான். ‘டெர் முசோலினி’ பாட்டில் சர்வாதிகாரிகளின் பெயரை நடன அசைவுகளின் பெயராக்கி ஆடச் சொல்கிறார்கள். அதை அப்போதே பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். இந்தச் சிக்கலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஆல்பத்தைப் பதிவுசெய்தவர் கோனி பிளாங்க். கொலோன் அருகே ஒரு பழைய பண்ணை வீட்டை ஸ்டூடியோ ஆக்கிவைத்திருந்தார். ‘க்ராஃப்ட்வெர்க்’, ‘நோய்’ (ஜெர்மனில் ‘புதிது’) குழுக்களின் தொடக்க காலப் பதிவுகளும் இவர் கைப்பட்டவைதான். ஒலிப்பதிவாளர் பெயரைப் பின்தொடர்வது எவ்வளவு நல்ல வழி என்று எனக்குக் கற்றுத்தந்த பெயர் இது.

மூன்றாவது கிளை ‘டெர் பிளான்’ குழுவும் அவர்களைச் சுற்றி உருவான ‘ஆட்டா டாக்’ என்ற லேபிளும். பொம்மைக் கருவிகளில் வாசித்ததுபோன்ற விளையாட்டுத்தனமான ஒலி. 1981இல் இந்த லேபிள் பல நாட்டுக் குழுக்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் மாட்ரிட் நகர ‘எஸ்ப்ளெண்டோர் ஹியோமெட்ரிகோ’ குழுவின் ‘மாஸ்கோ உறைந்து கிடக்கிறது’ என்று பொருள்படும் பாட்டும் உண்டு. ஓர் ஊரை ஒழுங்காகக் கேட்டால் அடுத்த ஊருக்கு அதுவே வழிவிடும்.

இந்த மூன்று கிளைக்கும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். மொழி புரியாதது தடை இல்லை. முதல் மூன்று முறை சொற்களைத் தேடாமல் குரலை மட்டும் கேளுங்கள். ஜெர்மன் மொழியின் மெய்யெழுத்துகள் தாளக்கருவியாக வேலை செய்வது தெரியும். நான்காம் முறை மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே பொருளைப் படித்துவிட்டால் காது சோம்பிவிடுகிறது.

மூன்றாம் படி: உறையைப் படியுங்கள்

ரெக்கார்டு கையில் இல்லாவிட்டாலும் அதன் உறையின் முன்புறம், பின்புறம், நடுவட்டம் ஆகியவற்றின் படங்கள் டிஸ்காக்ஸ் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். பாட்டைக் கேட்கும்போதே அந்தப் படங்களைத் திறந்துவைத்துப் படியுங்கள். இந்தக் குழுக்கள் உறையில் எழுதியதும் இசையின் ஒரு பகுதி.

‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ உறையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்று போட்டிருக்கும். ‘ஸ்க்ரிட்டி பொலிட்டி’ என்ற லண்டன் குழு 1978இல் தன் முதல் சிங்கிளின் நகலெடுத்த உறையில் ஸ்டூடியோ, அச்சு என்று ஆன செலவுக் கணக்கையே எழுதிவைத்தது. படிப்பவர் தானும் ஒன்றைச் செய்ய எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே இந்த இசை பரவியது இப்படித்தான்.

அடுத்து, லேபிள் தன் வெளியீடுகளுக்கு இடும் வரிசை எண்ணைப் பாருங்கள். லண்டனின் ‘ரஃப் ட்ரேட்’ 1976இல் ரெக்கார்டு கடையாகத் தொடங்கி 1978இல் லேபிளாகவும் ஆனது. அதன் முதல் வெளியீடு பாரிஸ் குழுவான ‘மெட்டால் உர்பேன்’ குழுவின் சிங்கிள். ட்ரம்ஸுக்குப் பதில் ட்ரம் மெஷின், பேஸுக்குப் பதில் சிந்தசைசர், மேலே அரைத்துத் தள்ளும் கிடார். லண்டன் லேபிளின் முதல் எண்ணிலேயே பிரெஞ்சு மொழிக் குரல் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. க்ளீனெக்ஸின் சிங்கிள்களும் இதே லேபிளில் வந்தவைதான். ஒரு லேபிளின் முதல் இருபது எண்களை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பட்டியலும் தராத வரைபடம் அதில் கிடைக்கும்.

நான்காம் படி: கிழக்கே போங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசே ரெக்கார்டு அச்சிட்ட நாடுகளில் பங்க் என்ன ஆனது என்பது இந்த இசையின் மிக முக்கியமான பகுதி.

யூகோஸ்லாவியாவில் தொடங்குவது எளிது, ஏனென்றால் அங்கே கதவு பாதி திறந்திருந்தது. லுப்லியானாவில் ‘பங்க்ர்தி’ குழு 1977 அக்டோபரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முதல் கச்சேரி நடத்தியது. அவர்களுடைய முதல் ஆல்பம் 1980இல் வந்தது, அதுவும் அரசு வானொலி தொலைக்காட்சி நிறுவனத்தின் லேபிளில். பெயர் ‘டோல்க்ட்சைட்’. அதற்கும் பொருள் சலிப்புதான். மான்செஸ்டரின் சலிப்பையும் லுப்லியானாவின் சலிப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெல்கிரேடுக்குப் போனால் 1981இல் வந்த ‘பாக்கெட் அரான்ஜ்மான்’ என்ற தொகுப்பு. மூன்று இளம் குழுக்கள் ஒரே எல்பியில். அவற்றில் ‘ஷார்லோ அக்ரோபாட்டா’ எனக்கு மிகப் பிடித்தது. மூன்றே பேர், ரெகேயும் பங்கும் முட்டிமோதும். ஒரே ஆல்பத்தோடு கலைந்தார்கள்.

போலந்தில் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. ஆனால் யாரோசின் என்ற சிற்றூரின் கோடைக்கால விழாவில் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவதை அரசு அனுமதித்தது. ‘செகியெரா’, அதாவது ‘கோடரி’ என்ற குழு 1984இல் அங்கே மேடை ஏறியபோது வெறும் ஆவேசம். இரண்டு வருடம் கழித்து ஆட்கள் மாறி, அதே பெயரில் ‘நோவா அலெக்சாந்த்ரியா’ ஆல்பம் வந்தது. அவர்கள் ஊரான புவாவிக்கு ரஷ்யப் பேரரசு சூட்டியிருந்த பழைய பெயர் அது. பேஸ் முன்னால் வந்து நிற்கும், குரல் கட்டளைபோல ஒலிக்கும், வாசலைத் திறந்ததும் அடிக்கும் பனிக்காற்றுபோலக் குளிர்ந்த ஆல்பம்.

கிழக்கு ஜெர்மனிதான் எல்லாவற்றிலும் கடினமானது. அரசு அதிகாரிகள் முன் வாசித்துத் தகுதிச் சான்று பெறாத குழு மேடையேற முடியாது. ஆகவே பங்க் குழுக்கள் தேவாலயங்களில் வாசித்தன. அரசின் கை முழுதாக எட்டாத இடம் அதுதான். ‘நாமன்லோஸ்’ குழுவினர் பாட்டு வரிகளுக்காகச் சிறைக்கே போனார்கள். 1983இல், கிழக்கில் பதிவான நாடாக்கள் ரகசியமாக எல்லை தாண்டி மேற்கு பெர்லினில் ‘டிடிஆர் ஃபான் உண்டன்’ என்ற எல்பி ஆயின. ‘கீழிருந்து கிழக்கு ஜெர்மனி’ என்று பொருள். ஒரு பக்கம் டிரெஸ்டனின் ‘ட்ஸ்விச்சர்மஷீன’. மறுபக்கம் எர்ஃபுர்ட் பக்கத்து ‘ஷ்லைம்கைம்’, அதுவும் வேறு பெயரில். அந்த முதல் பக்கத்தில் பங்கெடுத்த கவிஞர் சாஷா ஆண்டர்சன் இரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்தவர் என்பது சுவர் விழுந்த பிறகு 1991இல் வெளிப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்த ரெக்கார்டைக் கேட்பது கனமான அனுபவம். ஒலித்தரம் மோசம்தான், ஆனால் அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரைச்சலுக்குள்

நாய்ஸ், அதாவது இரைச்சலையே இசையாக்குவது, என்றாலே பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: இது உங்கள் பொறுமைக்கு வைக்கும் பரீட்சை இல்லை. இயந்திரங்களுக்கு நடுவே வாழ்கிறவர் அந்த ஒலிகளையே இசையாக்கலாம் என்று இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913இலேயே எழுதிவிட்டார். அதற்கென்று பெட்டி பெட்டியாகக் கருவிகள் செய்து மறுவருடம் மிலானில் கச்சேரியும் நடத்தினார்.

லண்டனின் ‘த்ராபிங் கிரிஸ்டில்’ குழுவிலிருந்து தொடங்குங்கள். 1976இல் தங்கள் லேபிளுக்கு ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்று இவர்கள் வைத்த பெயர்தான் பிறகு ஒரு வகை இசையின் பெயராயிற்று. 1979 ஆல்பமான ‘20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்’ அட்டையில் நால்வரும் மலர்கள் நடுவே சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடம் பீச்சி ஹெட், பலர் உயிரை மாய்த்துக்கொண்ட செங்குத்துப் பாறை முனை. ஆல்பமும் அப்படித்தான்: மேலே இதமான எலெக்ட்ரானிக் மெட்டு, அடியில் ஏதோ சரியில்லாத உணர்வு. முழு இரைச்சலுக்கு முன் காது பழக இது நல்ல படிக்கட்டு.

அடுத்தது பெர்லினின் ‘ஐன்ஸ்டூர்ட்செண்ட நோய்பௌடன்’, ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’. 1980 ஏப்ரல் 1 அன்று முதல் கச்சேரி. அடுத்த மாதமே பெர்லின் மாநாட்டு மண்டபத்தின் கூரை உண்மையிலேயே இடிந்து விழுந்தது. கட்டுமான இடங்களில் கிடந்த தகடு, கம்பிச்சுருள், துளைக்கருவி ஆகியவையே வாத்தியங்கள். தொடக்கப் பதிவு ஒன்றை நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே இருந்த பொந்துபோன்ற இடத்தில் செய்தார்கள். 1981இல் வந்த ‘கொல்லாப்ஸ்’ ஆல்பத்தை மூன்று தடவையாகக் கேளுங்கள். முதல் தடவை தாளத்தை மட்டும். இரண்டாம் தடவை ஒவ்வொரு ஒலியும் எந்தப் பொருளிலிருந்து வருகிறது, அது எவ்வளவு பெரிய இடத்தில் ஒலிக்கிறது என்று. மூன்றாம் தடவை ப்ளிக்ஸா பார்கெல்டின் குரலை. இரும்புப் பட்டறை இருக்கும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் தடவையிலேயே பழக்கமான ஏதோ ஒன்று தட்டுப்படும்.

அப்புறம் எஸ்ப்ளெண்டோர் ஹியோமெட்ரிகோவுக்குத் திரும்புங்கள். இதற்கு மேலும் போக ஆசை வந்தால் ஒரு வரைபடம் இருக்கிறது. ‘நர்ஸ் வித் வூண்ட்’ 1979இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தோடு, தாங்கள் மதிக்கும் வினோதக் குழுக்களின் பட்டியலையும் இணைத்தது. அடுத்த ஆல்பத்தில் அது வளர்ந்து 291 பெயர்களானது. அதிலிருந்து மாதத்துக்கு மூன்று பெயர் மட்டும் எடுங்கள். மொத்தமாக விழுங்க நினைத்தால் எதுவும் தங்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று காது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒலி கூடக்கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். இரைச்சலை ஹெட்போனில் கேட்காமல் ஸ்பீக்கரில், ஒரு தடவைக்கு இருபது நிமிடம் கேளுங்கள். கேட்டபின் காதில் ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டு, சின்னங்கள். இந்த உலகில் பாசிச உடைகளும் அடையாளங்களும் அடிக்கடி வரும். ஸ்லோவேனியச் சுரங்க ஊரான த்ர்போவ்ல்யேயில் 1980இல் தொடங்கிய ‘லைபாக்’, லுப்லியானாவின் ஜெர்மன் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு 1983இல் அந்தப் பெயரில் அங்கே நிகழ்ச்சி நடத்தவே தடை வந்தது. அதிகாரத்தின் மொழியை மிகைப்படுத்தி அதிகாரத்துக்கே காட்டுவது அவர்கள் முறை. ஆனால் இந்த முகமூடியின் பின்னால் உண்மையான இனவெறியர்களும் ஒளிந்துகொண்டார்கள், இன்றும் ஒளிகிறார்கள். ஆகவே குழுவின் பிற்கால நேர்காணல்கள், அவர்கள் யாரோடு மேடை ஏறுகிறார்கள், யார் லேபிளில் வெளியிடுகிறார்கள் என்று பாருங்கள். அரைமணி நேரத் தேடலில் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு இசை நன்றாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காசு கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: வாங்குவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுக்களும் லேபிள்களும் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கிடைப்பதை அங்கேயே வாங்குங்கள். பழைய அச்சு வாங்குவதற்கு முன், மறுபதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதில் கூடுதல் பாட்டுகளும் நல்ல குறிப்பேடும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஓர் எல்பி வரவழைத்தபோது, மெல்லிய அட்டையில் சுற்றி அனுப்பியதால் வளைந்த தட்டுதான் எனக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைக்கவும், தட்டை உறைக்கு வெளியே எடுத்து வைத்து அனுப்பவும் எழுதிக் கேட்கிறேன். உள்ளே இருந்தால் வழியில் தட்டு இடித்து உறையின் ஓரம் கிழியும். எல்பி அளவில் இருந்தாலும் பல ஐரோப்பியத் தட்டுகள் நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஓட வேண்டியவை. பாட்டு மந்தமாக இருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள். பாட்டு முடியும் இடத்தில் தட்டில் கீறிய எழுத்துகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். பல பிரிட்டிஷ் தட்டுகளில் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று இருக்கும். அச்சுக்கான மூலத் தட்டைச் செதுக்கிய ஜார்ஜ் பெக்கம் என்பவரின் கையொப்பம் அது.

அடுத்த ஊர்கள்

டூசல்டார்ஃப் முடிந்ததும் சுவிட்சர்லாந்தின் பெர்னுக்குப் போகலாம், ‘க்ரௌட்சோன’ குழுவின் ‘ஐஸ்பேர்’ ஒன்றுக்காகவே. பனிக்கரடியாக இருந்தால் தேவலை என்று ஒருவன் பாடுகிற அந்தப் பாட்டு எளிதில் தலையை விட்டுப் போகாது. பிரஸ்ஸல்ஸ், பொலோனியா, ரெய்க்யவிக் எல்லாமே நல்ல ஊர்கள்.

எனக்கு நெருக்கமானது ஆம்ஸ்டர்டாம். ஆளில்லாத கட்டடங்களில் குடியேறி வாழ்ந்த இளைஞர்களின் உலகிலிருந்து 1979இல் வந்தது ‘தி எக்ஸ்’. 1986இல் ஸ்பானியப் புரட்சியைப் பற்றி இரண்டு ஏழு அங்குலத் தட்டும், 144 பக்கப் புகைப்பட நூலும் சேர்த்து வெளியிட்டார்கள். இருபது வருடம் கழித்து, எத்தியோப்பிய சாக்ஸபோன் கலைஞர் கெட்டாச்சு மெகுரியாவோடு சேர்ந்து ‘மோவா அன்பெஸா’ ஆல்பம். அவர் வாசித்தது போர்வீரர்களின் பழைய முழக்கப் பாட்டுகளை. பின்னால் கீறும் கிடார்கள் அதே பழைய பங்க் கிடார்கள்தான். இதை மட்டும் ஹெட்போன் இல்லாமல், சன்னலைத் திறந்துவைத்து, கொஞ்சம் சத்தமாகவே போடுங்கள்.